வெயிலுக்குக் காப்பு எது?

பாரிட் புந்தாரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெளிக்காட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் உடை பல்லாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. நீண்ட கைச்சட்டை, தலையைச் சுற்றிக் கழுத்துவரை இறக்கிக் கட்டிய துண்டு, அதன்மேல் ஒரு தொப்பி. கண்ணும் மூக்கும் மட்டுமே வெளியே தெரியும். கொசுவுக்கும் முள்ளுக்கும் அஞ்சி ஏற்பட்ட இவ்வுடை வெயிலுக்கும் காப்பாக நின்றது. அவர்தம் பெண்மக்களோ இன்று நகரத்து மருந்துக்கடையில் 15, 30, 50 என எண் பொறித்த களிம்புக் குழாய்களின்முன் நின்று, எதை வாங்குவது என மயங்குகின்றனர். தாயின் துண்டு மேலா, மகளின் களிம்பு மேலா? பாட்டி அரைத்த மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் இவ்வரிசையில் இடம் உண்டா? இவ்வினாக்கள் சிறியன போலத் தோன்றினும், மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி இவற்றின் விடையைப் பொறுத்துச் செலவாகிறது. சில வேளைகளில் உடல்நலமும் செலவாகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'வெயில்' என்னும் சொல் வெம்மையை உணர்த்தும் அடியிலிருந்து பிறந்தது. ஞாயிற்றுக்கு 'வெய்யோன்' என்றொரு பெயரும் உண்டு. 'கதிரவன்' என்றொரு பெயரும் உண்டு. முதற்பெயர் வெப்பத்தையும் இரண்டாம் பெயர் கதிரையும் சுட்டும். தோல் கன்றுவதும் கறுப்பதும் வெய்யோனின் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கதிரவனின் வேலை.

இதனை எளிய சோதனையால் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் எவரார்டு ஹோம் என்பவர். அவர் தம் இரு புறங்கைகளையும் வெயிலில் வைத்தார். ஒன்றைத் திறந்தபடி விட்டு, மற்றொன்றைக் கறுப்புத் துணியால் மூடினார். இரண்டிலும் வெப்பமானியை வைத்து அளந்தார். கறுப்புத் துணிக்குள் இருந்த கையே மிகுதியாகச் சூடேறியது. ஆனால் கன்றிச் சிவந்தது திறந்திருந்த கைதான். இம்முடிவை அவர் 1821 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சூடு மிகுந்த இடத்தில் புண் இல்லை. சூடு குறைந்த இடத்தில் புண் உண்டு. எனவே சுடுவது வேறு, கன்றச்செய்வது வேறு என்பது பெறப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்குமுன், 1801 இல், யோகான் ரிட்டர் என்னும் செருமானிய அறிஞர் வெள்ளியுப்புத் தடவிய தாளை ஒளியின் நிறமாலையில் வைத்து, ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் அது விரைந்து கறுப்பதைக் கண்டிருந்தார். அக்காணாக் கதிரே புற ஊதாக் கதிர்.

தோலைப் பொறுத்தவரை இக்கதிரில் இரு வகைகளை அறிந்தால் போதும். 'பி' வகை குறுகிய அலையுடையது. மேல்தோலோடு பெரும்பாலும் நின்றுவிடும். தோலைச் சிவக்கச்செய்து கன்றவைப்பது பெரிதும் இதுவே. 'ஏ' வகை நீண்ட அலையுடையது. தோலின் ஆழத்துக்குச் செல்லும். கறுப்பையும் சுருக்கத்தையும் வளர்க்கும். சாதாரணக் கண்ணாடி 'பி' கதிரைத் தடுக்கும். 'ஏ' கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். பேருந்து ஓட்டுநரின் கை கண்ணாடிக்குப் பின்னிருந்தும் கறுப்பது இதனாலேயே.

கடையில் வாங்காத காப்பு ஒன்று ஒவ்வொருவர் உடலிலும் உண்டு. அது மெலனின் என்னும் நிறப்பொருள். 1979 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கறுப்பினத்தவரின் மேல்தோல் 'பி' கதிரில் சராசரி 7.4 விழுக்காட்டையே உள்ளே விட்டது. வெள்ளையரின் மேல்தோல் 24 விழுக்காட்டை விட்டது. அஃதாவது கரிய தோல், விழும் கதிரில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறது. தமிழர் பலரின் மாநிறமும் கருநிறமும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. பள்ளியிலும் திருமணப் பேச்சிலும் குறையாகப் பேசப்படும் அந்நிறமே, விலையின்றிக் கிடைத்த முதற்காப்பு. எனினும் அது முழுக்காப்பன்று. அதே ஆய்வில் 'ஏ' கதிரில் 17.5 விழுக்காடு கரிய தோலையும் கடந்து சென்றது.

இனிக் களிம்பின்மேல் பொறித்த எண்ணுக்கு வருவோம். வெயில்காப்புக் களிம்பு வணிகப்பொருளானது 1930 களில். 1936 இல் பிரான்சு நாட்டில் 'ஆம்பர் சோலேர்' என்னும் எண்ணெய் விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரிய வேதியியலார் பிரான்சு கிரைட்டர், பிஸ் புயின் என்னும் பனிமலையில் ஏறியபோது தோல் கன்றிய பட்டறிவால் ஒரு களிம்பைச் செய்து, இரண்டாம் உலகப்போருக்குப்பின் விற்றார். எந்தக் களிம்பு எவ்வளவு காக்கும் என அளக்கும் முறையைச் செருமானியரான ருடால்ஃப் ஷூல்ட்சே 1956 இல் வகுத்தார். கிரைட்டர் அதனை 1974 இல் 'எஸ்.பி.எஃப்.' என்னும் காப்பெண்ணாகப் பரப்பினார். பனிமலையிலும் கடற்கரையிலும் வெண்ணிறத் தோலுக்காகப் பிறந்த அளவு இது என்பதை நினைவில் வைப்பது நன்று. பின்னர் அது பயன்படும்.

காப்பெண்ணைக் காணும் முறை இது. தாமாக முன்வந்தவரின் முதுகில் சிறு கட்டங்களாக விளக்கொளியை மெல்ல மெல்லக் கூட்டிப் பாய்ச்சி, எவ்வளவு கதிரில் தோல் முதன்முதல் சிவக்கிறது எனக் குறிப்பர். பிறகு களிம்பு பூசிய இடத்திலும் அவ்வாறே செய்வர். பூசாத இடத்தைப்போல் முப்பது மடங்கு கதிர் பட்ட பின்னரே பூசிய இடம் சிவந்தால், காப்பெண் 30. கணக்கில் தேர்ந்த மாணவன் இதனைத் தலைகீழாக்கிப் பார்ப்பான்: காப்பெண் 15 உடையது சிவக்கச்செய்யும் கதிரில் பதினைந்தில் ஒரு பங்கை, அஃதாவது 6.7 விழுக்காட்டை விடும். 30 உடையது 3.3 விழுக்காட்டை விடும். 50 உடையது 2 விழுக்காட்டை விடும். 15 க்கும் 30 க்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. 50 க்குமேல் எண் ஏற ஏற விலை ஏறுமளவுக்குக் காப்பு ஏறுவதில்லை. எண் மணிக்கணக்கைக் குறிப்பதுமன்று. '50 பூசினால் நாள் முழுதும் போதும்' எனக் கடைக்காரர் கூறுவாராயின், அவர் அறியாமல் கூறுகிறார். வியர்வையும் துடைப்பும் களிம்பைக் கொண்டுபோகும். இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசவேண்டும் என்பதே மருத்துவர் அறிவுரை.

ஆனால் எண்ணைவிடப் பெரிய செய்தி ஒன்று குழாயின்மேல் அச்சிடப்படுவதில்லை. அது பூசும் அளவு. சோதனைச் சாலையில் ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மி.கி. களிம்பு பூசியே காப்பெண்ணைக் காண்கின்றனர். வீட்டில் மக்கள் பூசுவது அதில் கால் பங்கு முதல் பாதி வரைதான் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதியளவு பூசினால் காப்பும் ஏறத்தாழ பாதியாகும். சில களிம்புகளில் அதனினும் கீழாகும். 30 என நம்பி வாங்கியவர் உண்மையில் 10 அல்லது 15 ஐப் பூசிக்கொண்டு நடக்கிறார்.

சரியான அளவு பூசினால் செலவு என்னவாகும்? முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழுள்ள கைகள் ஆகியவற்றின் பரப்பை ஏறத்தாழ 2,000 சதுர செ.மீ. எனக் கொள்வோம். ஒரு முறைக்கு 4 கிராம் வேண்டும். நாளுக்கு இருமுறை என்றால் 8 கிராம். 50 கிராம் குழாய் ஆறு நாளில் தீரும்; மாதத்துக்கு ஐந்து குழாய். உடல் முழுதும் பூசுவதானால் ஒரு முறைக்கே 30 கிராமுக்குமேல் ஆகும். ஒரு குழாயை வாங்கி மூன்று மாதம் வைத்திருக்கும் வீட்டில், அக்குழாய் காப்புக்காக அன்று, மனநிறைவுக்காக இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

களிம்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய கனிமப் பொடிகளைக் கொண்டவை ஒரு வகை. அவோபென்சோன், ஆக்டினாக்சேட் போன்ற கரிமச் சேர்மங்களைக் கொண்டவை மற்றொரு வகை. கனிமப் பொடிகள் கண்ணாடிபோல் கதிரைத் திருப்பிவிடுகின்றன எனப் பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. அஃது உண்மையில் சிறு பகுதியே. அவையும் மற்றவற்றைப்போலப் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சியே தடுக்கின்றன. துத்தநாகம் 'ஏ', 'பி' இரண்டையும் தடுக்கும். தோலை எளிதில் உறுத்தாது. குறை என்னவெனில், கரிய முகத்தில் அது திருநீறு குழைத்துப் பூசியதுபோல் வெளுத்துத் தெரியும், எனவே மக்கள் அதை மெலிதாகத் தேய்த்துவிடுவர், காப்பு போய்விடும். அவோபென்சோன் 'ஏ' கதிரை நன்கு தடுக்கும்; ஆயினும் துணைச் சேர்மங்கள் இல்லாவிடில் வெயிலிலேயே சிதையும். வெயிலுக்கென்று செய்த பொருளை வெயில் அழிப்பது வேடிக்கையே.

இங்குதான் மேலே குறித்த செய்தி பயன்படுகிறது. காப்பெண் என்பது தோல் சிவப்பதைக் கொண்டு கண்ட எண். சிவப்பது பெரிதும் 'பி' கதிரால். அளப்பதும் வெளிர்ந்த தோலில். கிரியான் வட்டாரத்துத் தமிழ்ப் பெண்ணுக்கோ தோல் சிவந்து உரிவது பெருந்துன்பமன்று. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கே அவர் துன்பம். மங்கை வளர்ப்பதில் 'ஏ' கதிருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நீலப் பகுதிக்கும்கூடப் பங்கு உண்டு. ஆகவே அவர் பார்க்கவேண்டியது பெரிய எண்ணை மட்டுமன்று. 'ஏ' காப்பைக் குறிக்க 1996 முதல் சப்பானியர் 'பி.ஏ.' என எழுதிக் கூட்டல் குறிகளை இடுகின்றனர். குறி மிகுந்தால் காப்பு மிகும். கட்புல ஒளியைத் தடுக்கவோ வெண்பொடியால் ஆவதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த நிறக் களிம்பே வேண்டும். இரும்பு ஆக்சைடு என்பது வேறொன்றுமன்று, காவிக்கல்லுக்கு நிறம் தரும் பொருளே. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டு ஹிம்பா பெண்கள் செங்காவியை வெண்ணெயில் குழைத்து உடலில் பூசிக்கொள்வர். இந்நிறக் களிம்பு மாநிறத்தோடு ஒன்றிப்போவதால் வெளுத்துத் தெரிவதுமில்லை.

வீட்டுப் பூச்சுகள் நிலை என்ன? மஞ்சளின் நிறப்பொருள் நீல ஊதா ஒளியை உறிஞ்சும். அதனாலன்றோ அது மஞ்சளாகத் தோன்றுகிறது. ஆனால் அது ஒளிபட்டால் விரைவில் சிதையும். முகத்தில் பூசும் மெல்லிய படலம் புற ஊதாக் கதிருக்கு நம்பத்தக்க தடையாகாது. சந்தனம் குளிர்ச்சி தரும். குளிர்ச்சி காப்பாகாது என்பதை எவரார்டு ஹோமின் இரு கைகள் காட்டின. மலாய்ப் பெண்கள் பூசும் 'பெடாக் செஜுக்' என்னும் அரிசிப்பொட்டும் அத்தகையதே. அரிசியைப் பல நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அரைத்து, சிறு பொட்டுகளாக இட்டு உலர்த்தி, வேண்டும்போது நீரில் குழைத்துப் பூசுவர். தடித்துப் பூசிய இடத்தில் சிறிது ஒளி சிதறும். உலர்ந்து வெடித்தபின் அதுவும் இல்லை. பர்மியப் பெண்களின் தனாக்கா மரப்பட்டைக் குழம்பும் சோதனையில் சிறு காப்பே காட்டியது. தேங்காயெண்ணெய் தோலை மென்மையாக்கும், வெயிலைத் தடுக்காது. இவற்றை அழகுக்கும் குளிர்ச்சிக்கும் மணத்துக்கும் பூசுவதில் தவறில்லை. வெயிற்காப்பு என்னும் பெயரில் புட்டியில் அடைத்து விற்பதே தவறு.

துணியின் காப்பை அளக்க 1996 இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தர அளவு வகுத்தன. அதன் எண்ணும் களிம்பின் எண்ணைப் போன்றதே. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிரே உட்புகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி உடைக்கு அவ்வெண் பெரும்பாலும் 10 க்குள் நிற்கும். வியர்வையில் நனைந்து உடலோடு ஒட்டினால் இன்னும் இறங்கும். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணிக்கு எண் எளிதில் 50 ஐத் தாண்டும். முரட்டு நீலக் காற்சட்டைத் துணி அதனினும் பன்மடங்கு மிகும். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. துணியை விளக்குக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கிடையே ஒளி எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவுக்குக் காப்பு குறைவு. துவைத்துத் துவைத்து இழை சுருங்கிய பருத்தித் துண்டு புதிய துண்டைவிடச் சில வேளை நன்றாகக் காக்கும். முக்கியமான வேறுபாடு வேறொன்று. களிம்பைக் குறைத்துப் பூசலாம், பூச மறக்கலாம், அது வியர்வையில் கரையலாம். சட்டையைப் பாதியளவு அணிந்து முழுதும் அணிந்ததாக எண்ணிக்கொள்ள முடியாது. எண் ஒன்றாயினும், நடப்பில் துணியின் எண் நிலைத்து நிற்பது. களிம்பின் எண் ஏட்டில் நிற்பது. அகன்ற விளிம்புத் தொப்பி கண்ணையும் காக்கும். கண்படலத்துக்கும் கண்ணில் சதை வளர்வதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். கண்ணுக்குள் களிம்பு பூச எவராலும் ஆகாது.

நிழலைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பால்மரம் வெட்டுவோர் விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் பெரும்பகுதி வேலையை மர நிழலிலேயே முடித்துவிடுவர். இலையுதிர் காலத்தில்தான் அவர்க்கு வெயில் நேரே விழும். செம்பனைக் கன்று நட்ட வெளியில் களை எடுப்போர்க்கும், நெல்வயலில் நிற்போர்க்கும் அந்நிழல் இல்லை. 1906 இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் முடிந்தபின் கிரியான் சமவெளியின் பெரும்பகுதி நெல்வயலாயிற்று. அதற்குமுன் அங்கே தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தத்தில் உழைத்த கரும்புத் தோட்டங்கள் இருந்தன. இரண்டும் மரமற்ற வெளிகளே. வயல்நீர் வெயிலை எதிரொளித்துச் சுடுகிறது என்பர்; அசையாத நீர் புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. அங்கே மிகுவது திறந்த வானம். 'பி' கதிரின் பெரும்பகுதி ஞாயிற்றிலிருந்து நேரே வாராமல் வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. ஆகையால் வெளியில் நிற்கும் ஒற்றை மரமோ குடையோ தருவது பாதிக் காப்பே. மந்தாரமான நாளிலும் மெல்லிய மேகத்தின் வழியே கதிர் பெரும்பாலும் இறங்கிவிடும்.

எந்நேரத்து வெயில் கொடியது? உச்சிப்பொழுது என்றதும் கடிகாரத்தில் 12 மணி என எண்ணுவது வழக்கம். பாரிட் புந்தாரில் அது பொருந்தாது. ஊர் ஏறத்தாழ 100.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. மலேசியக் கடிகாரமோ 120 பாகைக் கோட்டைத் தழுவியது. இடைப்பட்ட 19.5 பாகையைப் பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 78 நிமிடம். ஆக ஞாயிறு உச்சிக்கு வருவது பிற்பகல் 1.18 மணியளவில், மாதத்துக்கு மாதம் கால் மணி முன்பின்னாகும். 1982 சனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியக் கடிகாரம் அரைமணி முன்தள்ளப்பட்டது. அதற்குமுன் உச்சி 12.48 அளவில் இருந்தது. பள்ளி விட்டு மாணவர் வீடு திரும்பும் ஒரு மணி வெயிலே நாளின் முழு உச்சி வெயில். ஏப்ரல் தொடக்கத்திலும், செப்டம்பர் 10 ஐ ஒட்டியும், இவ்வூரில் ஞாயிறு நேர் தலைக்குமேல் நிற்கும்.

இதனை மாணவர்க்குக் காட்ட ஒரு கழி போதும். கழியின் நிழல் கழியைவிடக் குறுகியிருக்கும் நேரமெல்லாம் கதிர் கொடிய நேரம். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அது காலை 10.20 அளவில் தொடங்கி மாலை 4.20 அளவில் முடியும். காலை எட்டு மணிச் சபைகூடலில் நிற்கும் மாணவன் பெறும் கதிர் மிகக் குறைவு. பிற்பகல் மூன்று மணிக்குத் திடலில் ஓட்டப் பயிற்சி செய்பவன் பெறுவது மிகுதி. பயிற்சியை ஐந்து மணிக்குத் தள்ளிவைத்தால், எந்தக் களிம்பும் தரமுடியாத காப்பு காசின்றிக் கிடைக்கும்.

அவ்வாறாயின் களிம்பு வேண்டியதே இல்லையா? அப்படிக் கூறுவதும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்னும் ஊரில் 1992 இல் தொடங்கிய ஆய்வில் 1,621 பேர் கலந்துகொண்டனர். நாள்தோறும் களிம்பு பூசியவர்க்கு, செதில்செல் புற்று எனப்படும் தோற்புற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அவர் வெண்ணிறத் தோலர். கரிய தோலர்க்கு அப்புற்று மிக அரிது. அவர்க்கு வரும் மெலனோமா என்னும் கொடிய புற்றும் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவது. வெயிலோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. ஆதலின் புற்றைச் சொல்லி அச்சுறுத்தித் தமிழரிடம் களிம்பு விற்பது நேர்மையான வணிகமாகாது. மங்கு உடையோர், லூப்பஸ் போன்ற நோயுடையோர், வெண்படை உடையோர், வெயிலுக்கு ஒவ்வாத மருந்து உண்போர் ஆகியோர்க்கே களிம்பு துணியோடு சேர்ந்து உண்மையில் வேண்டப்படுவது.

மங்கைப் பற்றிப் பேசும்போது இரவுச் சந்தைக் களிம்புகளை விட்டுவிடுதல் கூடாது. 'வெள்ளையாக்கும், வெயிலையும் தடுக்கும்' என்று கூறி விற்கப்படும் முகக்களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் இருப்பதை மலேசிய நலத்துறை அவ்வப்போது கண்டு, பெயர் சுட்டித் தடைசெய்துவருகிறது. பாதரசம் நிறப்பொருள் உண்டாவதைத் தடுத்துச் சில வாரம் முகத்தை வெளுக்கவைக்கும். அதனோடு தோலின் முதற்காப்பும் குறைகிறது. தோல் வழியே உட்சென்ற பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. தாய் முகத்தில் பூசியது தாய் தூக்கும் குழந்தைக்கும் ஒட்டும். நிறுத்தியதும் மங்கு முன்னினும் கறுத்துத் திரும்புவதும் உண்டு. முறைப்படி விற்கப்படும் அழகுப்பொருளுக்குத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அறிவிப்பு எண் இருக்கும். அதனை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத குழாயை எவர் நல்லதென்றாலும் வாங்கலாகாது.

களிம்பு மிக இன்றியமையாதவர் ஒரு சிறு கூட்டத்தார். பிறவியிலேயே நிறப்பொருளற்ற, 'அல்பினோ' எனப்படும் குழந்தைகள். எல்லா இனத்திலும் பிறப்பதுபோல் தமிழர் வீட்டிலும் அவர் பிறப்பர். அவர்க்கு அந்தப் பதின்மூன்றில் ஒரு பங்குக் காப்பு இல்லை. வெப்பமண்டல வெயிலில் இளமையிலேயே தோற்புற்று வரக்கூடும். தான்சானியா நாட்டில் மோசி நகரிலுள்ள தோல்மருத்துவ நிலையத்தில் இவர்க்கென்றே 'கிலிசன்' என்னும் களிம்பைச் செய்து வழங்கத் தொடங்கினர். இத்தகைய குழந்தை வகுப்பில் இருந்தால் 30 க்குக் குறையாத காப்பெண்ணும் 'ஏ' காப்பும் உடைய களிம்பு, பள்ளிக்குப் புறப்படும்போது முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளம் வேண்டும். கைகளுக்குத் தனியே வேண்டும். உச்சிவெயிலில் வீடு திரும்புமுன் மீண்டும் ஒருமுறை வேண்டும். சீருடையில் நீண்ட கைச்சட்டைக்கும் தொப்பிக்கும் ஒப்புதல் அளிக்கவேண்டும். பார்வைக் குறையும் உடன்வருவதால், இருக்கை கரும்பலகைக்கு அருகிலும் சன்னலுக்குத் தொலைவிலும் அமையவேண்டும்.